மீசைக்காரனும் பாலோ பந்தியும்

அன்று பாலோ ஊரில், மேகலா வீட்டுப் பந்தியில் இருந்தவர்களை உட்கார்ந்த வரிசையிலேயே எழுதுகிறேன், சரிபார்த்துக்கொள். வாசல் பக்கத்து முதல் இலை உன் அப்பாவுக்கு. அவர் பெயரை எழுத எனக்குக் கை வராது, உனக்கே தெரியும். அடுத்த இலை எனக்கு. எனக்கு இடப்பக்கம் என் தம்பி, உன் தாய்மாமன் ராமையா. அவனுக்கு அப்பால் உன் அக்கா செல்வி. கடைசியில் நீ, கதிரேசன், புதுச்சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தாய். பரிமாறியவர்கள் சம்பந்தி தங்கவேலு, அவர் மனைவி சரோஜா, பிறகு நீ கட்டிக்கொள்ளப்போகிற மேகலா. இந்தக் காலத்திலும் மேசை போடாமல் பாய் விரித்துப் பந்தி வைத்த மரியாதைக்கார வீடு அது. தங்கவேலு சோற்றுத் தட்டோடு முன்னால் வந்தார். சரோஜா பருப்பு ஊற்றினார். மேகலா நெய்க்கிண்ணத்தோடு என் இலைக்கு நேரே குனிந்தாள். அவள் கரண்டியைச் சாய்த்த அந்த நேரம் பார்த்துத்தான் நான் எழுந்து வெளியே போனேன். நெய் சோற்றில் விழவில்லை, பாயில் விழுந்தது. அதையும் நான் மறக்கவில்லை.

காரில் ஏறியதும் நீ கேட்டாய், "ஏம்மா, பொண்ணு வீட்டுல கை நனைக்காம எந்திரிச்சா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா?" தெரியும். உன்னைவிட நன்றாகவே தெரியும். மாப்பிள்ளையைப் பெற்றவள் சோற்றைத் தொடாமல் எழுந்தால் அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். "அந்தக் குருவி விசயமா? ரெண்டு குருவிக்காக என் கல்யாணத்தையே நிறுத்திருவீங்களா?" என்று அடுத்த கேள்வி. லாயாங் லாயாங் ஊர் ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்வரை நான் சன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். காது கேட்காத உன் அப்பா மட்டும், "சாப்பாடு நல்லா இருந்துச்சுல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு நீ லீவு கிடைத்தும் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வரவில்லை. செல்விதான் வந்து சேதி சொன்னாள். மேகலா அழுதுகொண்டே இருக்கிறாளாம். "அத்தைக்கு என்னைக் கண்டாலே ஆகலக்கா. அந்த வீடியோவ எடுத்தவ நான்தானே. என் கையால நெய் ஊத்தக்கூட அவங்க விடல" என்கிறாளாம். தங்கவேலு மண்டபத்துக்காரரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டாராம். இதைக் கேட்ட பிறகும் நான் சும்மா இருந்தால் நான் மனுசி இல்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கோணலாகத்தான் இருக்கும். நினைவு கோணாது. இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே, ஐயா. பாலோவுக்குக் கொண்டுபோய், பந்தி போட்ட அதே கூடத்தில், எல்லாரையும் உட்காரவைத்துச் சத்தமாகப் படி. எனக்கு யார்மேல் கோபம், யார்மேல் இல்லை என்பதை எல்லாரும் ஒரே நேரத்தில் தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டு குருவி என்றாய். அந்த இரண்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். நம் வீட்டுக்குப் பின்னால், செம்பனைத் தோட்டத்துக்கும் நமக்கும் நடுவில் ஓடுகிற சின்ன ஆறு உனக்குத் தெரியும். கரையில் மூங்கிலும் நாணலும் மண்டிக் கிடக்கும். வெட்டச் சொல்லிப் பலபேர் சொன்னார்கள், நான்தான் விடவில்லை. அங்கே ஒரு சோடி இருந்தது. கொண்டைக்குருவிச் சாதிதான், ஆனால் உருவம் பெரிது. தலை முழுக்க வைக்கோல் நிறம். கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு, கத்தரித்து ஒதுக்கிய மீசை மாதிரி. அதனால் மீசைக்காரன் என்று பெயர் வைத்தேன். பிறகு பார்த்தால் பெண்டாட்டிக்கும் அதே மீசை. எது ஆண், எது பெண் என்று இன்றுவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. காலையில் குழாயடியில் பானை கழுவும்போது ஒன்று பாட ஆரம்பிக்கும், மற்றது பாதியில் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் குடத்துக்குள் விழுந்து நிறைகிற மாதிரி ஒரு பாட்டு. நான் விசிலடிப்பேன். அது என் விசிலைப் படித்துக்கொண்டு திருப்பிப் பாடியது என்று பொய் சொல்லமாட்டேன், அது மைனா இல்லை. ஆனால் நான் விசிலடித்ததும் நாணலை விட்டு மூங்கில் நுனிக்கு வரும். தலையைச் சாய்த்துப் பார்க்கும். பிறகு தன் பாட்டைப் பாடும். அதற்குப் பதில் என்று பெயர் இல்லாவிட்டால் வேறு என்ன பெயர்?

விசில் எனக்கு எப்படி வந்தது என்று நீ கேட்டதே இல்லை. என் அம்மா போனபோது ராமையா நடை பழகி முடித்த வயது. அப்பா விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவார். இவன் பின்னாலேயே கிளம்பிப் பால்மர நிரைக்குள் போய்த் தொலைந்துபோவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி கோப்பை. கூப்பிட்டால் குரல் பத்து மரத்தைத் தாண்டாது. விசில் தாண்டும். நீட்டி ஒன்று, நீட்டி இன்னொன்று, கடைசியில் மேலே தூக்கி ஒரு குட்டி விசில். அதைக் கேட்டால் சோறு வெந்துவிட்டது, பயப்படாதே, வா என்று அவனுக்கு அர்த்தம். அழுதுகொண்டிருந்தவன் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே லயத்து வீட்டுக்கு வந்து சேருவான். எதிர் வீட்டு அஞ்சலை, "பொட்டப்புள்ள விசிலடிச்சா வீடு வெளங்குமாடி?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டாள். என் வீடு விளங்கியது. அஞ்சலையின் வீட்டைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

மேகலா வீட்டார் முதன்முதலாக நம் வீடு பார்க்க வந்த காலை உனக்கு நினைவிருக்கும். பசியாறிவிட்டு எல்லாரும் பின்பக்கம் காற்றாட நின்றோம். ஆற்றுப்பக்கம் பாட்டு எழும்பியது. தங்கவேலு பேச்சை நிறுத்திவிட்டார். மேகலா கேட்டாள், "அத்தை, அது உங்களுக்குப் பதில் சொல்லும்னு செல்வியக்கா சொன்னாங்களே, நெசமாவா?" புது மருமகள் கேட்டால் எப்படி மறுப்பது? விசிலடித்தேன். மூங்கில் நுனிக்கு வந்து பாடியது. மேகலா கைப்பேசியை நீட்டிப் பிடித்திருந்தாள். அந்த நேரம் பார்த்து உன் அப்பா ஆற்றுச் சேற்றோடு உள்ளே நுழையப்போக, நான் விசிலை விட்டுவிட்டு, "என்னங்க! அந்தச் செருப்பக் கழட்டிட்டு வாங்கன்னு எத்தன தடவ சொல்றது!" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ராமையாகூடச் சிரித்துக்கொண்டே சொன்னான், "அக்கா விசிலுக்கு மொதமொதல்ல பதில் சொன்ன குருவி நான்தான்." அந்த வீடியோவை மேகலா நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ஆசையால் போட்டாள். அதில் ஒரு தப்பும் இல்லை. இதைப் படிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்துப் படி.

அன்று சாயங்காலமே அவள் எனக்குக் குரல் பதிவு அனுப்பினாள். அவள் வேலை பள்ளிக்கூட நூலகத்தில் என்பதால், தெரியாததைத் தேடாமல் விடமாட்டாள். "அத்தை, இதுக்கு மலாயில பாராவ்-பாராவ்னு பேராம். பாட்டுக்காகப் புடிச்சுப் புடிச்சுக் கூண்டுல அடைச்சே ஊர் ஊரா இல்லாமப் போயிருச்சாம். உலகத்துலயே கொஞ்சந்தான் மிச்சமாம். நீங்க அதுக்கிட்ட தெனமும் பேசுறீங்க!" நான் கேட்டேன், "வேற எதெல்லாம் அப்படி மிச்சமா இருக்கு?" அவ்வளவுதான். அன்று பிடித்த பைத்தியம். தினமும் நான் ஒன்று கேட்பேன், அவள் தேடிப் படித்துவிட்டுச் சொல்வாள், படமும் அனுப்புவாள். அடுப்பில் வெங்காயம் கருகிய நாளெல்லாம் உண்டு. என் ஆயுளில் நான் கோலாலம்பூரைத் தாண்டிப் போனதில்லை. அந்தச் சில மாதங்களில் மேகலா என்னைப் பல தேசத்துக் காடுகளுக்குக் கூட்டிப்போனாள்.

நியூசிலாந்தில் ஒரு கிளி இருக்கிறதாம், பறக்கத் தெரியாத கிளி. பாசி நிறம், கொழுத்த உடம்பு, இரவில்தான் நடமாட்டம். ஆண்கிளி மண்ணில் கிண்ணம் போலப் பள்ளம் பறித்து, அதில் உட்கார்ந்து உடம்பை உப்பி, தூரத்து உறுமி மேளம் மாதிரி முழங்கிப் பெண்ணைக் கூப்பிடுமாம். வெளியிலிருந்து வந்த பூனையும் எலியும் அதைத் தின்று தீர்த்தன. மிஞ்சியவற்றைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பூனை எலி இல்லாத தீவுகளில் விட்டுக் காவல் காக்கிறார்களாம். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்களாம். "எல்லாத்துக்குமா?" என்றேன். "எல்லாத்துக்கும் அத்தை." வளர்க்கிற கோழிக்கு நாம் பெயர் வைப்பதில்லை. வைத்தால் அறுக்க மனம் வராது. இவர்கள் அதற்காகத்தான் வைத்தார்களோ? இப்படி ஒரு கேள்வி வந்துவிட்டால் எனக்குத் தூக்கம் பிடிக்காது.

அமெரிக்காவில் ஒரு பிணந்தின்னிக் கழுகு. இறக்கையை விரித்தால் நம் முன்கூடம் அடைத்துப்போகும். அதன் குஞ்சுகளை வளர்க்கிறவர்கள், தாய்க்கழுகின் தலை மாதிரி ஒரு பொம்மை செய்து கையில் மாட்டிக்கொண்டு ஊட்டுகிறார்களாம். மனித முகம் பழகிவிட்டால் காட்டில் பிழைக்காதாம். "அப்போ நான் விசிலடிச்சுப் பழக்குனது தப்பாம்மா?" என்று கேட்டேன். மேகலா யோசித்துவிட்டுச் சொன்னாள், "நீங்க தீனி போடலையே அத்தை. பேச்சுதானே குடுத்தீங்க." நல்ல பதில்தான். ஆனால் முழுப்பதிலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிரேசில் நாட்டு நீலக்கிளியின் கதையைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும், நீ கல்யாணம் கட்டப்போகிறவன். காட்டில் அந்தச் சாதியில் ஒன்றே ஒன்று மிஞ்சியதாம், ஒரு ஆண். தன் சாதியில் துணை இல்லாததால் வேறு சாதிக் கிளி ஒன்றோடு சேர்ந்து திரிந்ததாம். குஞ்சு குட்டி இல்லை. ஆனாலும் சேர்ந்தே பறந்தன. சாதி பார்த்தே பெண் எடுத்த உன் அப்பாயி இருந்திருந்தால் அந்தக் கிளியையும் வாசலில் நிற்கவைத்துப் பேசியிருப்பாள். என்னை நிற்கவைத்தவள்தானே, சொந்தச் சாதிக்காரியை, காது வளையம் சின்னது என்று. பிறகு அந்த ஆணும் காணாமல் போய்விட்டது. கூண்டில் தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகளை இப்போது மறுபடி காட்டில் விட்டுப் பார்க்கிறார்களாம். கதிரேசா, ஒத்துப்போவதற்கு ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. மேகலா புத்தகத்தில் பிறந்தவள், நீ லாரிக்கும் கிடங்குக்கும் நடுவில் வேலை பார்க்கிறவன். அவள் ஒன்றைத் தேடிக்கொண்டு ஓடினால் "எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்காதே. கூடப் பறந்து போ.

கடைசியாக நாங்கள் பேசியது ஆஸ்திரேலியாவின் தேன்குடிக்கிற குருவி ஒன்றைப் பற்றி. கூட்டம் அவ்வளவு குறைந்துபோனதால், இளம் ஆண்குருவிகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரப் பெரிய குருவிகள் பக்கத்தில் இல்லையாம். அக்கம்பக்கத்தில் கேட்கிற வேறு பறவைகளின் பாட்டைப் பாடிக்கொண்டு அலைகின்றனவாம். பெண்குருவி திரும்பியும் பார்ப்பதில்லை. எனவே பழைய பாட்டைப் பதிவு செய்து வைத்து, கூண்டில் வளரும் குஞ்சுகளுக்குப் போட்டுப் போட்டுக் கற்றுத் தருகிறார்களாம். "பெட்டில கேட்டே கத்துக்குதா?" என்றேன். "கத்துக்குது அத்தை." நான் அடுத்து ஒன்று கேட்டு அனுப்பினேன். பெட்டியில் கற்றுக்கொண்ட பாட்டுக்குக் காட்டில் பிறந்த பெண்குருவி நம்பி வருமா? அதற்கு மேகலாவிடமிருந்து பதில் வரவில்லை. அவள் தேடிக்கொண்டிருந்தபோதே இங்கே வேறு விதமாகப் பதில் வந்துவிட்டது.

உன் அப்பாவின் காதைக் காட்ட, விடியும் முன்னாலேயே குளுவாங் கிளினிக்குக்குக் கிளம்பிய நாள் அது. மதியம் திரும்பினோம். பக்கத்து வீட்டு மக் யா வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மலாயில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன், அவளுக்கு நான் காக், அதாவது அக்கா, உன் அப்பா அபாங், அண்ணன்.

"காக், இன்னைக்கு அபாங் மேல அவ்வளவு கோபமா?"

"எதுக்குக் கோபம்?"

"காலையில நீ விசிலடிச்ச. அப்புறம் செருப்புக்காக அவரத் திட்டின. மறுபடி விசில். மறுபடி அதே செருப்பு. அலமாக்! மனுசன் எத்தன செருப்புதான் வெச்சிருக்கார்னு நெனச்சேன் லா."

"நாங்க காலையில வீட்டுலயே இல்லையே, மக் யா."

அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. நான் செருப்புகூடப் போடாமல் ஆற்றுக்கு ஓடினேன். மூங்கில் நுனிகளுக்குக் கீழே குச்சி குச்சியாகச் செருகியிருந்தது, எல்லாவற்றிலும் பிசின். குருவி வந்து உட்கார்ந்தால் கால் ஒட்டும், உதறினால் இறக்கையும் ஒட்டும். ஒரு குச்சி பாதியில் முறிந்திருந்தது. அதில் வைக்கோல் நிறத்தில் இறகுகள். நான் விசிலடித்தால் வந்து நிற்கிற அதே நுனிக்குக் கீழே. எதிர்க்கரை நாணலுக்குள் மற்றது உட்கார்ந்திருந்தது. சத்தமே போடவில்லை. உயிரோடு இருக்கிற ஒன்றை வெளியே சொன்னால் அதற்கும் ஆள் வரும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் உன்னிடம், செல்வியிடம், ராமையாவிடம், மக் யாவிடம்கூட, இரண்டும் போய்விட்டன என்றே சொன்னேன். அது பொய் என்று அப்போது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்.

மக் யா கேட்ட திட்டு என்ன என்று செல்வி குழுவில் எழுதினாள். மேகலாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் எடுத்த வீடியோவைத்தான் யாரோ ஆற்றங்கரையில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவள் அதை அழித்தாள், அழுதாள், மன்னிப்புக் கேட்டாள், பிறகு பேசவே பயந்துவிட்டாள். குழுவில் ஒவ்வொருவராக நான் இல்லை, நான் யாருக்கும் அனுப்பவில்லை என்றார்கள். ராமையாவும் குரல் பதிவு போட்டான், "யாருக்கா அந்தப் பாவி? கெடைச்சா கையை ஒடிச்சிருவேன்." நான் நம்பினேன். என் கையால் சோறு தின்று வளர்ந்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவேன்?

பாலோ விருந்துக்கு நான் வந்ததே மேகலாவைத் தேற்றத்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "என் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லலையே நீ" என்று கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். இலை போட்டார்கள். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. நான் ஆற்றை நினைத்துக்கொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்போல. ராமையா என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல், நிஜமான பரிவோடுதான் சொன்னான்.

"இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கியா? விடுக்கா. ஒண்ணுதானே போச்சு. இன்னொண்ணு அங்கதானே இருக்கு. அது வேற சோடி தேடிக்கும்."

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். ஒன்றுதான் ஒட்டியது, மற்றது தப்பியது என்று பிசின் குச்சியைப் பிடுங்கியவனுக்குத்தானே தெரியும்? அந்தக் கணத்தில்தான் மேகலா நெய்யோடு குனிந்தாள். அவனோடு ஒரே பந்தியில் ஒரு பருக்கைகூட என் தொண்டையில் இறங்காது என்று தெரிந்துவிட்டது. எழுந்தேன். நான் ஒதுக்கியது உங்கள் வீட்டுச் சோற்றை இல்லை, சம்பந்தியம்மா. என் பக்கத்து இலையை.

அன்றே ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சம்பந்தி வீட்டுக் கூடத்தில், தாய்மாமனாக உட்கார்ந்திருக்கிறவனை, என் பிறந்த வீட்டு மிச்சம் அவன் ஒருவனை, எழுப்பி நிற்கவைத்துத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனாக வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். வந்தான். ஆயர் ஈத்தாம் மண்பாண்டக் கடையில் வாங்கிய பெரிய பூச்சாடி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றான்.

"கேட்டத் தொறக்கா. கனக்குது."

"எங்க இருக்கு அது?"

"எது?"

"யாருகிட்ட குடுத்தே? உயிரோட இருக்கா? அத மட்டும் சொல்லு."

"எது அக்கா? நீ என்ன பேசுறேன்னே எனக்குப் புரியல. அன்னைக்கும் பந்தியில பாதியில எந்திரிச்சுட்டே. உடம்பு சரியில்லையா?"

இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டு வாங்கியிருப்பேன். செத்துப்போயிற்று என்று சொல்லியிருந்தால் அவனோடு சேர்ந்து அழுதுவிட்டுக் கேட்டைத் திறந்திருப்பேன், அவன் என் தம்பி. அவன் எது என்று கேட்டான், இரண்டு தடவை. பூச்சாடியைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனான். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கிறது. கொசு வருமே என்று போய்க் கவிழ்த்துவிட்டு வருகிறேன். உள்ளே எடுத்து வைக்கவில்லை.

பிறகும் பேசாமல்தான் இருந்திருப்பேன். மேகலா அழுகிறாள் என்று செல்வி வந்து சொல்லும்வரை. ஒருத்தன் செய்ததை ஒரு சின்னப்பெண் தன் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு அழுகிறாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அந்தச் சுமையை ஏற்றிவிட்டவள் நான்தான். என் பிறந்த வீட்டு மானம் அவள் கண்ணீரைவிடப் பெரிதில்லை என்று முடிவு செய்தேன். நீயும் ஒன்று தெரிந்துகொள், ஐயா. காரில் நீ கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் பதில் வரும்வரை நீ இருக்கவில்லை. என் பிள்ளை, நான் பொறுத்துக்கொள்வேன். அவளிடம் அப்படிச் செய்யாதே. அவள் ஒருநாள் சோற்றை விட்டு எழுந்து போவாள், எல்லாப் பெண்ணும் ஒருநாள் போவாள். பின்னால் போய் ஏன் என்று கேள். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திரு.

இனி ஒவ்வொருவருக்காகச் சொல்கிறேன். தங்கவேலு அண்ணனுக்கு, மண்டபத்துக்காரரிடம் கல்யாண நாளை உறுதி செய்யச் சொல்லுங்கள். சரோஜா, அந்தப் பருப்பின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஒருநாள் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் வருகிறோம், காலையில் பசியாறாமல் வருகிறேன். அவருக்கு அந்தச் சாப்பாடு நினைவிருக்கிறது. மேகலா, போன தடவை பாயில் சிந்திய நெய்யை நாங்கள் வரும் நாளில் என் இலையில் ஊற்று. என் கேள்வி உன்னிடம் அப்படியே நிற்கிறது. அந்த ஆஸ்திரேலியக் குருவிக்கு என்ன ஆயிற்று? இன்னொன்று. சிங்கப்பூரில், இத்தனை கட்டடத்துக்கும் கப்பலுக்கும் நடுவில், உபின் தீவுப் பக்கம் நம் மீசைக்காரனின் சாதி இன்னும் நன்றாகவே பாடிக்கொண்டிருக்கிறது என்று நீதான் ஒருமுறை சொன்னாய். காடு வைத்திருக்கிற நம் பக்கம் குறைந்துபோய், காட்டை அழித்துக் கட்டடம் கட்டிய ஊரில் எப்படி நிலைத்தது? பிடிக்க ஆள் இல்லாததாலா, வேறு காரணமா? கல்யாணம் முடிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் என்னை அங்கே கூட்டிப்போக வேண்டும். நம்மூர்ப் பாட்டும் அந்தப் பாட்டும் ஒன்றா என்று என் காதால் கேட்க வேண்டும். சும்மா கேட்பேன், அவ்வளவுதான். விசிலடிக்கமாட்டேன்.

இங்கேயும் நான் இப்போது விசிலடிப்பதில்லை. ஒருநாள் பழக்கதோசத்தில் அடித்துவிட்டேன். எதிர்க்கரையில் மிஞ்சியிருக்கிறதே ஒன்று, அது அந்தச் சத்தம் கேட்டதும் நாணலுக்குள் இன்னும் ஆழமாகப் போய் ஒளிந்துகொண்டது. காலையில் சத்தமில்லாமல் பானை கழுவுகிறேன். அது சத்தமில்லாமல் அங்கே இருக்கிறது.

கல்யாணத்துக்குத் தாய்மாமன் வர வேண்டும். மணவறையில் உனக்குத் தாய்மாமன் மாலையை அவன்தான் போட வேண்டும். அது உன் உரிமை, என் கோபத்துக்கு அதில் பங்கு கிடையாது. நீ அவனை மாமா என்றே கூப்பிடு, காலில் விழு. மேகலாவும் விழட்டும். முதல் பந்தியில் அவனுக்கு இலை போடச் சொல். நான் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுக்கொள்கிறேன். அங்கே யாரும் முகம் சுளிக்க நான் விடமாட்டேன். ஆனால் மன்னிக்கச் சொல்லி யாரும் என்னிடம் வர வேண்டாம். பிசின் வைத்துப் பிடிப்பவர்கள் எத்தனையோ பேர், வயிற்றுப்பாட்டுக்கு என்பார்கள், மறந்துவிடுவேன். இது வேறு. நீட்டி ஒன்று, நீட்டி இன்னொன்று, மேலே தூக்கி ஒரு குட்டி விசில். அதற்கு என்ன அர்த்தம் என்று முழுதாகத் தெரிந்தவன் இந்த உலகத்தில் ஒருவன்தான். சோறு வெந்துவிட்டது, பயப்படாதே, வா. அதைத்தான் அவன் பிசின் குச்சிக்குப் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டான். அது நம்பி வந்தது. கதிரேசா, இந்த இடத்தைப் படிக்கும்போது அவன் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் குரலைத் தாழ்த்தாதே. நான் மன்னிக்கமாட்டாத ஆள் என் தம்பி, ராமையா.